பில்ட்-இன் மைக்ரோவேவ் போடலாமா? பூச்சு வேலைக்கு முன்னாலேயே முடிவு செய்யுங்கள்

கடலூர் கூத்தப்பாக்கத்தில் வீடு கட்டிக்கொண்டிருக்கும் சகோதரி ஒருவர் கேட்டிருக்கிறார். சமையலறை பத்துக்கு எட்டு. சுவர் எழுந்துவிட்டது, பூச்சு இன்னும் ஆகவில்லை. வீட்டில் ஐந்து பேர். மாமியாருக்கு முழங்கால் வலி, ஆனாலும் சமையலில் பாதி வேலை அவருடையதுதான். இப்போது இருக்கும் வாடகை வீட்டில் மைக்ரோவேவ் மேடையை அடைத்துக்கொண்டு நிற்கிறது. புது வீட்டில் பில்ட்-இன், அதாவது அலமாரிக்குள்ளேயே பொருத்தும் மைக்ரோவேவ் போட்டால், பார்க்க அழகாக இருக்கும் என்பதைத் தவிர வேறு என்ன நன்மை, கூடுதல் செலவுக்கு அது தகுமா என்பது அவர் கேள்வி.

நல்ல நேரத்தில் கேட்டிருக்கிறீர்கள். பூச்சு முடிந்து டைல்ஸ் ஒட்டிய பிறகு இதைக் கேட்பவர்கள்தான் அதிகம். அப்போது நான் சொல்லக்கூடியதில் பாதிக்கு மேல் பயன்படாமல் போய்விடும்.

பதினெட்டு வருடமாகப் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே சமையலறை அலமாரி வேலை செய்கிறேன். என் பதில், உங்கள் வீட்டுக்குப் போடுங்கள் என்பதுதான். அழகுக்காகச் சொல்லவில்லை. பில்ட்-இன் என்று முடிவெடுத்தால் மூன்று விஷயங்களை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்: எந்த உயரத்தில் வைப்பது, சூடான காற்று எப்படி வெளியேறும், கரன்ட் எங்கிருந்து வரும். மேடைமேல் வைக்கும் மெஷினுக்கு இவற்றை யாரும் யோசிப்பதில்லை. காலியாக இருக்கும் மூலையில் வைத்து, பக்கத்தில் இருக்கும் ப்ளக்கில் செருகிவிடுகிறோம். பில்ட்-இன் மைக்ரோவேவின் நன்மைகள் பெரும்பாலும் இந்த முன்யோசனையிலிருந்து வருபவை. இந்த மூன்றையும் கோட்டைவிட்டால் இரண்டு மடங்கு விலை கொடுத்தும் தொல்லைதான் மிஞ்சும்.

மேடைக் கணக்கிலிருந்து ஆரம்பிக்கிறேன். பத்துக்கு எட்டு அறையில் எல் வடிவ மேடை போட்டால், மூலையை ஒருமுறை மட்டும் எண்ணினால் 16 அடி வரும். ஒரு கோடியில் ஃப்ரிட்ஜுக்கு மூன்றடி விட்டால் மிச்சம் 13. அடுப்புக்கு இரண்டரை. சிங்க்குக்கும் பாத்திரம் கவிழ்க்கவும் மூன்று. மூலையில் இரண்டடி இருக்கிறது, ஆனால் அங்கே நின்று வெங்காயம்கூட நறுக்க முடியாது, டப்பா அடுக்கத்தான் ஆகும். ஆக ஐந்தரை அடி. மிக்சியும் கிரைண்டரும் இரண்டடி எடுத்துக்கொள்ளும். சூடான காற்றால் கேக், ரொட்டியும் சுடக்கூடிய 28 லிட்டர் கன்வெக்‌ஷன் மைக்ரோவேவ் ஏறத்தாழ 52 செ.மீ. அகலம் இருக்கும். இரண்டு பக்கமும் காற்றுக்கு இடம் விட்டால் அதுவும் இரண்டடிக்குக் குறையாது. கடைசியில் கையில் நிற்பது ஒன்றரை அடி. ஐந்து பேருக்குச் சமைக்கும் வீட்டில், ஞாயிற்றுக்கிழமை வஞ்சிரம் வாங்கி வந்து அந்த ஒன்றரை அடியில் வைத்து மசாலா தடவ வேண்டும் என்றால் எப்படி இருக்கும் என்று பாருங்கள்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் மேடையின் ஆழம் இரண்டடிதான். மைக்ரோவேவின் ஆழம் 50 செ.மீ. அளவில் இருக்கும். பின்னால் 10 செ.மீ. இடைவெளி விடச் சொல்லிக் கையேட்டில் போட்டிருப்பார்கள். விட்டால் மெஷின் மேடையின் முன் விளிம்புக்கே வந்துவிடும். கதவைத் திறந்து கொதிக்கும் கிண்ணத்தை வெளியே எடுத்தால் உடனே இறக்கி வைக்க முன்னால் ஒரு சாண் இடம் இருக்காது. அதனாலேயே எல்லா வீட்டிலும் மெஷினைச் சுவரோடு தள்ளிவிடுகிறார்கள். காற்று அடைபடுகிறது.

சரி, பில்ட்-இன் போட்டால் இந்த இடம் தானாகத் திரும்பி வந்துவிடுமா? இங்கேதான் கவனம் வேண்டும். பில்ட்-இன் மைக்ரோவேவைப் பெரும்பாலும் டால் யூனிட்டில்தான் வைப்போம். அதாவது தரையிலிருந்து ஏழடி உயரத்துக்கு நிற்கும் இரண்டடி அகல அலமாரி. அந்த அலமாரியை மேடை ஓடும் சுவரிலேயே நிறுத்தினால் மேடையில் இரண்டடி போய்விடும். மேடைமேல் மீட்டதைத் தரையில் இழந்தது போலத்தான். கடையில் காட்டும் படங்களில் இது தெரியாது, அந்தச் சமையலறைகள் நம்முடையதைப் போல இரண்டு மடங்கு இருக்கும். உங்கள் அறையில் மேடை இல்லாத சுவர் ஒன்று இருக்கும், பெரும்பாலும் கதவுக்குப் பின்பக்கம் அல்லது பக்கவாட்டில். ஃப்ரிட்ஜை அந்தப் பக்கம் கொண்டுபோய், அதை ஒட்டி டால் யூனிட்டை நிறுத்த முடிந்தால் மட்டுமே மேடை முழுதாக உங்களுக்குக் கிடைக்கும். அப்படிச் செய்தால் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த குழம்பை இரண்டு எட்டு வைக்காமல் மைக்ரோவேவில் வைக்கலாம். உங்கள் பிளானில் கதவு எந்தப் பக்கம் என்று ஒருமுறை பாருங்கள். கதவை ஆறு அங்குலம் நகர்த்தினால் இது சாத்தியம் என்றால், இன்றைக்கு அது செங்கல் வேலைதான். கிருகப்பிரவேசத்துக்குப் பிறகு அது பெரிய வேலை.

சிலர் சுவரில் தொங்கும் மேல் அலமாரியில் வைத்துவிடலாம் என்பார்கள். அதற்கென்றே ஆழம் குறைந்த 20 லிட்டர் மாடல்கள் உண்டு. இடம் மிச்சம் ஆவது உண்மைதான். ஆனால் மேடை 34 அங்குலம், அதற்கு மேல் இடைவெளி 18 அங்குலமாவது வேண்டும். மெஷினின் அடிப்பாகமே 52 அங்குலத்தில் வந்து நிற்கும். ஐந்தடி உயரமுள்ள ஒருவருக்கு அது தோளுக்கு மேல். சூடான சாம்பாரைத் தோளுக்கு மேலிருந்து இறக்குவது ஆபத்து. கிண்ணம் லேசாகச் சாய்ந்தால் முகத்திலும் நெஞ்சிலும்தான் கொட்டும். வயதானவர்கள் இருக்கும் வீட்டில் இதை நான் செய்து கொடுப்பதில்லை, வற்புறுத்தினாலும்.

உயரம்தான் பில்ட்-இன்னின் பெரிய நன்மை என்று நான் நினைக்கிறேன். அதனால் அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மேடைமேல் வைத்தால் மேடையின் உயரம்தான் மெஷினின் உயரம். பில்ட்-இன்னில் உயரத்தை நீங்கள் முடிவு செய்கிறீர்கள். போன வருடம் மஞ்சக்குப்பத்தில் ஒரு வீட்டில் இதே நிலைமை. பூசாத சுவர், சிமென்ட் தூசி, ஜன்னலுக்குச் சட்டம் மட்டும் வைத்திருந்தார்கள். அந்த வீட்டு அம்மாவைச் சமையலறையில் நிற்க வைத்து, ஒரு எவர்சில்வர் கிண்ணத்தில் முக்கால்வாசி தண்ணீர் ஊற்றி இரண்டு கையாலும் பிடிக்கச் சொன்னேன். முழங்கை மடங்கி, தோள் தளர்ந்து, எந்த உயரத்தில் அவர் சிரமப்படாமல் பிடித்தாரோ அந்த இடத்தில் கிண்ணத்தின் அடியை ஒட்டிச் சுவரில் சாக்பீஸால் கோடு போட்டேன். 38 அங்குலம் வந்தது. மருமகள் அவரைவிட உயரம், அவருக்கு 41. குட்டையானவருடைய கோட்டைத்தான் எடுத்துக்கொண்டோம். உயரமானவர் கொஞ்சம் தாழ்ந்து எடுப்பதில் ஆபத்து இல்லை. குட்டையானவர் எட்டி எடுப்பதில்தான் இருக்கிறது. இதை உங்கள் வீட்டிலும் செய்யுங்கள், ஐந்து நிமிட வேலை.

அந்தக் கோடுதான் மைக்ரோவேவுக்குள் சுற்றும் கண்ணாடித் தட்டின் உயரம். மெஷினின் அடிப்பாகம் அதற்கும் இரண்டு அங்குலம் கீழே வரும். ஒன்றை மறக்காதீர்கள்: இப்போது நீங்கள் நிற்பது டைல்ஸ் போடாத தரை. கான்கிரீட்டும் டைல்ஸும் சேர்ந்து இரண்டு, மூன்று அங்குலம் ஏறும். தரை ஏறினால் நிற்பவரும் ஏறுவார், சுவரில் போட்ட கோடு அங்கேயே நிற்கும். கோட்டுக்குப் பக்கத்திலேயே 'தரை மட்டம் கூட்டவும்' என்று எழுதி வையுங்கள். இந்த மூன்று அங்குலத்தைக் கொத்தனாரும் ஆசாரியும் ஒருவர்மேல் ஒருவர் போட்டுச் சண்டை பிடிப்பதை நிறையப் பார்த்திருக்கிறேன்.

இந்த உயரத்தில் வைத்தால் மாமியார் குனிய வேண்டாம், எட்டவும் வேண்டாம். கீழே மூன்று டிராயர் வரும், அரிசி டப்பாவும் கனமான பாத்திரமும் அங்கே போகலாம். மேலே ஒரு கதவுக்குள் தீபாவளி, பொங்கலுக்கு மட்டும் எடுக்கும் சாமான்கள். இரண்டடி அகலத்தில் தரையிலிருந்து ஏழடி வரைக்கும் பயன்படுகிறது. மைக்ரோவேவ் பெட்டிக்கு நேர் கீழே, டிராயருக்கு மேலே, இழுத்தால் வெளியே வரும் ஒரு பலகை வைக்கச் சொல்லுங்கள். ஒன்றேகால் அடி வெளியே வந்தால் போதும். சூடான பாத்திரத்தை எடுத்த கையோடு அதில் இறக்கலாம். டால் யூனிட்டில் இருக்கும் ஒரே குறை, பக்கத்தில் இறக்கி வைக்க மேடை இருக்காது என்பதுதான். இந்தப் பலகை அதைத் தீர்த்துவிடும்.

கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்றும் பாருங்கள். நம் ஊரில் கிடைக்கும் மைக்ரோவேவ்களில் பெரும்பாலானவற்றுக்கு கீல் இடது பக்கம், கைப்பிடி வலது பக்கம். மாற்றி மாட்ட முடியாது. எனவே டால் யூனிட்டுக்கு வலப்பக்கம் மேடை இருந்தால் வசதி. மேடை இடப்பக்கம் இருந்தால் ஒவ்வொரு முறையும் திறந்த கதவைச் சுற்றிக்கொண்டு போக வேண்டியிருக்கும். கீழ்நோக்கித் திறக்கும் கதவுள்ள மாடல்கள் சில உண்டு. அவற்றில் இந்தப் பிரச்சினை இல்லை, ஆனால் திறந்த கதவுக்கு மேலே கையை நீட்டி எடுக்க வேண்டும்.

அடுத்தது காற்று. மைக்ரோவேவ் சமையலுக்கு வழி காட்டியது ராடார். 1945-ல் அமெரிக்காவின் ரேதியான் நிறுவனத்தில் பெர்சி ஸ்பென்சர் என்ற பொறியாளர் ராடாருக்கு மைக்ரோவேவ் அலையை உண்டாக்கும் மேக்னட்ரான் குழாய் உணவைச் சூடாக்குவதைக் கவனித்தார். 1947-ல் அந்த நிறுவனம் விற்ற முதல் மெஷின் ஏறத்தாழ ஆறடி உயரம், 340 கிலோ எடை. அதன் மேக்னட்ரானைக் குளிர்விக்கத் தண்ணீர்க் குழாய் இணைப்பே தேவைப்பட்டது. இன்றைக்கு உங்கள் வீட்டுக்கு வரும் மெஷினிலும் அதே மேக்னட்ரான்தான், அளவு சிறியது. தண்ணீருக்குப் பதிலாக ஒரு சின்ன ஃபேன் அதைக் குளிர்விக்கிறது. அந்த ஃபேனுக்குப் புதுக் காற்று வேண்டும், சுட்ட காற்று வெளியே போக வழி வேண்டும். 1400 வாட் கரன்ட் இழுக்கும் மெஷின் ஏறத்தாழ 900 வாட்டைத்தான் உணவுக்குள் அனுப்புகிறது. மீதி 500 வாட் மெஷினுக்குள்ளேயே சூடாகிறது. ஒரு இஸ்திரிப் பெட்டியைக் குறைந்த சூட்டில் வைத்து அலமாரிக்குள் பூட்டினால் எப்படியோ அப்படி.

பில்ட்-இன் மாடலை இதற்காகவே வடிவமைத்திருக்கிறார்கள். காற்றை முன்பக்கச் சட்டத்தின் இடுக்கு வழியாகவோ பின்பக்க இடைவெளி வழியாகவோ வெளியேற்றும். சாதாரண மாடல் அப்படி இல்லை. அதற்கு மேலே 20 செ.மீ., பின்னால் 10 செ.மீ. இடம் வேண்டும் என்று பெரும்பாலான கையேடுகள் சொல்கின்றன. 2012-ல் ரெட்டியார்பாளையத்தில் ஒரு வீட்டில், செலவைக் குறைக்கலாம் என்று வீட்டுக்காரர் கேட்க, அவரிடம் இருந்த பழைய மைக்ரோவேவுக்கு அளவாக நான் ஒரு பெட்டி அடித்துக் கொடுத்தேன். நாலு பக்கமும் அரை அங்குலம் இடைவெளி. பார்க்க அச்சு அசல் பில்ட்-இன் மாதிரியே இருந்தது. நாலைந்து மாதத்தில் கூப்பிட்டார்கள். கேக் வைத்தால் பத்து நிமிடத்தில் மெஷின் தானாக நின்றுவிடுகிறது, அரை மணி நேரம் கழித்துத்தான் மறுபடி ஓடுகிறது என்றார்கள். போய்த் திறந்தால் பெட்டியின் மேல்பலகையில் மைக்கா கொப்பளித்து எழும்பியிருந்தது, விளிம்பில் ஒட்டிய எட்ஜ் பேண்ட் சுருண்டு தொங்கியது. மெஷின் சூடு தாங்காமல் தன்னைத்தானே நிறுத்திக்கொண்டிருக்கிறது. தவறு என்னுடையது. பெட்டியை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன். அன்றிலிருந்து கையேட்டைப் பார்க்காமல் மைக்ரோவேவ் பெட்டிக்குப் பலகை அறுப்பதில்லை.

எனவே சாதாரண மைக்ரோவேவை வாங்கி அலமாரிக்குள் தள்ளிவிடலாம் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். சில கம்பெனிகள் குறிப்பிட்ட மாடலுக்கென்று ட்ரிம் கிட் என்ற முன்சட்டம் விற்கின்றன. உங்கள் மாடலுக்கு அந்தக் கம்பெனியே கொடுத்தால் மட்டும் அது சரி.

பெட்டியின் பின்பலகையை முழுதாக அடைக்காமல் திறந்துவிட வேண்டும். டால் யூனிட்டின் அடியில் ஒரு நீள இடுக்கும் உச்சியில் ஒன்றும் விட்டால் காற்று கீழிருந்து ஏறி மேலே போகும். இரண்டு இடுக்கிலும் நெருக்கமான அலுமினிய வலை அடிக்கச் சொல்லுங்கள். கரப்பானும் பல்லியும் சூடான இடத்தைத் தேடிப் போகும். பல்லி ஒன்று மெஷினின் சர்க்யூட் போர்டில் குறுக்கே விழுந்தால் போர்டையே மாற்ற வேண்டியதுதான்.

அளவைப் பற்றி ஒரு வார்த்தை. பெரும்பாலான பில்ட்-இன் மைக்ரோவேவ்களுக்குப் பெட்டியின் உள் அளவு 56 செ.மீ. அகலம், 38 செ.மீ. உயரம், 55 செ.மீ. ஆழம். 45 செ.மீ. உயரப் பெட்டி கேட்கும் பெரிய மாடல்களும் உண்டு. உங்கள் வீட்டுக்கு 38 போதும். இந்தப் பொது அளவிலேயே இருப்பது நல்லது. பத்து வருடம் கழித்து மெஷின் போனால் வேறு கம்பெனி மெஷினைக்கூட அதே பெட்டியில் மாட்டலாம். வித்தியாசமான அளவில் ஒன்றை வாங்கிவிட்டால் பிறகு அலமாரியையே உடைக்க வேண்டிவரும்.

கரன்ட் விஷயத்தில் உங்கள் எலக்ட்ரீஷியனை இந்த வாரமே கூப்பிடுங்கள். வெறும் மைக்ரோவேவ் ஓடும்போது ஆறு ஆம்பியர் இழுக்கும், கன்வெக்‌ஷனில் பத்து, பதினொன்று வரை போகும். சாதாரண ஐந்து ஆம்பியர் ப்ளக்கில் போட்டால் ப்ளக் கருகும். இதற்கென்று தனியாக 16 ஆம்பியர் பாயின்ட், 4 ஸ்கொயர் எம்.எம். காப்பர் வயர், தனி எம்.சி.பி. (லோடு மீறினால் தானாக அணையும் சுவிட்ச்), சரியான எர்த் வேண்டும். மிக்சியும் கிரைண்டரும் இதே லைனில் வரக் கூடாது. அப்புறம், சாக்கெட் மெஷினுக்கு நேர் பின்னால் வரவே கூடாது. ப்ளக் தடிமன் இரண்டு அங்குலம் பிடிக்கும், மெஷின் உள்ளே முழுதாகப் போகாமல் முன்னால் துருத்தி நிற்கும். சாக்கெட்டை மேலே இருக்கும் கதவறைக்குள் வைத்து, வயர் போக ஒரு ஓட்டை விடலாம். சுவிட்ச் மட்டும் வெளியே கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். ராத்திரி அணைத்துவிடலாம். கடிகாரம் எரிவதற்கே மாதம் இரண்டு யூனிட் வரைக்கும் ஆகும் என்பது ஒரு பக்கம். மழைக்காலத்தில் கரன்ட் போய்ப்போய் வரும்போது மெஷினைக் காப்பாற்ற அந்த சுவிட்ச் உதவும் என்பதுதான் முக்கியம்.

கோடையில் வோல்டேஜ் இறங்கினால் மைக்ரோவேவின் சூடும் இறங்கும். இரண்டு நிமிடத்தில் கொதித்த பால் மூன்று நிமிடம் கேட்கும். உங்கள் தெருவில் அப்படி இருந்தால் ஸ்டெபிலைசருக்கும் மேலறையில் இடம் ஒதுக்கிவிடுங்கள். வீட்டு இன்வெர்ட்டரில் மைக்ரோவேவ் ஓடாது, அந்த லைனில் சேர்க்க வேண்டாம்.

நம் கடற்கரைக்கு என்று தனியாகச் சொல்ல வேண்டியவை உண்டு. தேவனாம்பட்டினம், வைத்திக்குப்பம், குருசுக்குப்பம் பக்கம் நான் செய்த வீடுகளில் முதலில் போவது மரம் அல்ல, இரும்பும் ஸ்டீலும்தான். உப்புக் காற்று மட்டமான ஸ்டீலை ஒரே வருடத்தில் பழுப்புப் புள்ளியாக்கிவிடும். எனவே முன்பக்கம் முழுக்கக் கண்ணாடியாக இருக்கும் மாடலை எடுங்கள், பளபளக்கும் ஸ்டீல் சட்டம் வேண்டாம். உள்ளறை பெயின்ட் அடித்ததாக இல்லாமல் ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவோ செராமிக் எனாமலாகவோ இருக்கட்டும். பெயின்ட் ஒரு இடத்தில் உரிந்தால் அங்கே துரு பிடித்துப் பொறி பறக்க ஆரம்பிக்கும். கூத்தப்பாக்கம் கடலை ஒட்டி இல்லை என்றாலும் காற்றில் ஈரம் குறைவில்லை. டால் யூனிட்டுக்கு, ஈரம் தாங்கும் ஐ.எஸ். 710 முத்திரை உள்ள ப்ளைவுட் போடுங்கள். மரத்தூளை அழுத்திச் செய்யும் எம்.டி.எஃப்., பார்ட்டிகிள் போர்டு இரண்டும் சூடும் ஆவியும் சேரும் இடத்துக்கு ஆகாது, ஊதிப் பெருத்துவிடும்.

மழை வெள்ளமும் கணக்கில் வர வேண்டும். 2011 டிசம்பர் 30 தானே புயலையும், 2015 வெள்ளத்தையும் கடலூரில் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் மழை கொட்டியது. அந்த வாரம் முழங்கால் தண்ணீரில் நின்ற சமையலறைகளை நான் போய்ப் பார்த்தேன். மூன்றடி உயரத்தில் இருந்த மைக்ரோவேவுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் தரையில் நேராக உட்கார்ந்திருந்த டால் யூனிட்டின் அடிப்பலகை தண்ணீரை உறிஞ்சி அடுக்கடுக்காகப் பிரிந்திருந்தது. ஆறு அங்குல பி.வி.சி. கால்களில் நின்ற அலமாரிகள் அவ்வளவாகப் பாதிக்கப்படவில்லை. உங்கள் ஆசாரி நாலு அங்குலம் போதும் என்பார். ஆறு கேளுங்கள்.

அன்றாடச் சமையலில் என்ன வித்தியாசம் தெரியும் என்றால், முதலில் சுத்தம். மேடையில் அடுப்புக்குப் பக்கத்தில் நிற்கும் மைக்ரோவேவ் ஒவ்வொரு தாளிப்புக்கும் எண்ணெய்ப் புகையை வாங்கிக்கொள்கிறது. ஆறு மாதத்தில் பட்டன்மேல் மஞ்சளாகப் பிசுக்கு ஏறி, எண்ணே தெரியாமல் போய்விடும். பின்னால் துடைக்கக் கை போகாது. டால் யூனிட்டில் அடுப்பிலிருந்து தள்ளி, சுற்றிலும் சட்டம் மூடி இருக்கும்போது துடைக்க வேண்டியது முன்கண்ணாடி மட்டும்தான். வயர் தொங்காது, சின்னப் பிள்ளைகள் இழுக்க வழியில்லை.

இரண்டாவது, கைக்கு வாட்டமாக இருந்தால்தான் மெஷின் பயன்படும். நிறைய வீடுகளில் பால் சூடு பண்ண மட்டும் வைத்திருப்பதற்குக் காரணம் அது மூலையில் மாட்டிக்கொண்டிருப்பதுதான். நேற்றைய மீன் குழம்பை முழு பவரில் வைக்காமல் பாதி பவரில் மூடி வைத்துச் சூடாக்கினால் துண்டு வெடித்துச் சிதறாது. மீனில் இருக்கும் நீர் சட்டென்று ஆவியாகிச் சதையைப் பிளப்பதால்தான் அந்தச் சத்தம் வருகிறது. சாதத்தில் ஒரு ஸ்பூன் தண்ணீர் தெளித்து மூடி வைத்தால் வடித்த சாதம் மாதிரியே இருக்கும். இட்லிமேல் ஈரத்துணி போர்த்தி வையுங்கள். அப்பளம் எண்ணெய் இல்லாமல் ஒரு நிமிடத்துக்குள் பொரியும். மைக்ரோவேவ் அலை உணவுக்குள் இரண்டு, மூன்று செ.மீ. ஆழத்துக்குத்தான் போகும், எனவே குழம்போ பிரியாணியோ நடுவில் ஒருமுறை கிளறிவிட வேண்டும். புதுச்சேரி பேக்கரிகளின் நீள ரொட்டியை மட்டும் மைக்ரோவேவில் வைக்காதீர்கள், ரப்பராகிவிடும். கன்வெக்‌ஷனில் ஐந்து நிமிடம் வைத்தால் மேல்தோல் மறுபடி மொறுமொறுவென்று வரும். கிறிஸ்துமஸுக்கு ரவையில் செய்யும் விவிக்கம் கேக்கையும் அதே கன்வெக்‌ஷனில் சுடும் வீடுகள் இங்கே உண்டு. உங்களுக்குக் கேக், ரொட்டி, தந்தூரி எதுவும் தேவையில்லை என்றால் கன்வெக்‌ஷன் இல்லாத மாடலே போதும், சூடும் குறைவு, விலையும் குறைவு.

எவர்சில்வரைப் பற்றி மாமியாரிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள். மைக்ரோவேவ் மோடில் உலோகம் அலையைத் திருப்பி அடிக்கும், பொறி பறக்கும். நாலு கண்ணாடிக் கிண்ணங்களை அந்த அலமாரிக்குக் கீழ் டிராயரிலேயே வைத்துவிட்டால் பழகிவிடும்.

கதிர்வீச்சு பயம் அவருக்கு இருக்கலாம். முகத்துக்கு நேரே வைக்கிறீர்களே என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். மைக்ரோவேவின் அலைநீளம் ஏறத்தாழ 12 செ.மீ. கதவுக் கண்ணாடிக்குள் தெரியும் கம்பி வலையின் ஓட்டைகள் ஒன்று, இரண்டு மில்லிமீட்டர்தான், அவ்வளவு நீள அலை அதன் வழியாக வெளியேற முடியாது. கதவு கொஞ்சம் திறந்தாலும் உள்ளே இருக்கும் சுவிட்சுகள் மேக்னட்ரானை நிறுத்திவிடும். எக்ஸ்ரே மாதிரி உடம்பின் அணுக்களைக் குலைக்கும் கதிர் அல்ல இது, சூடாக்கும் அலை. கதவு வளைந்தாலோ கீல் ஆடினாலோ மட்டும் ஓட்டாமல் ஆளைக் கூப்பிடுங்கள். நீங்களாகவோ பக்கத்து எலக்ட்ரீஷியனோ மூடியைக் கழற்றக் கூடாது. உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆளைக் கொல்லும் மின்சாரம் தங்கியிருக்கும்.

செலவு என்று பார்த்தால், அதே லிட்டர், அதே வசதியுள்ள சாதாரண மாடலைவிட பில்ட்-இன் ஏறத்தாழ இரண்டு மடங்கு வரும், டால் யூனிட் வேலை தனி. வாடகை வீட்டில் இருப்பவர்களுக்கு இதை நான் சொல்லவே மாட்டேன். இருவர் மட்டும் இருந்து, மேடை தாராளமாக இருக்கும் வீட்டிலும் அவசியமில்லை. உங்களுக்குச் சொல்வதற்குக் காரணம் அந்த ஒன்றரை அடியும் உங்கள் மாமியாரின் முழங்காலும்தான். பணம் இப்போது இடிக்கிறது என்றால் மெஷினைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம். பாயின்ட்டையும் பெட்டியையும் மட்டும் இப்போதே போட்டு, அதுவரைக்கும் அந்தக் கட்டத்தில் ஒரு தட்டு வைத்துப் பயன்படுத்துங்கள்.

இந்த வாரம் செய்ய வேண்டியது: கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிக் கோடு போடுங்கள், மேடை இல்லாத சுவரின் நீளத்தை டேப்பால் அளந்து எழுதுங்கள், கதவின் அகலத்தையும் சேர்த்து. எலக்ட்ரீஷியன் பைப் பதித்ததும் பூசுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்து வையுங்கள், பிறகு ஆணி அடிக்கும்போது வயர் எங்கே போகிறது என்று தெரிய வேண்டும். மாடலை முடிவு செய்தபின் அதன் கையேட்டில் 'இன்ஸ்டலேஷன்' என்று போட்டிருக்கும் பக்கத்தை ஆசாரியிடம் கொடுங்கள். அந்தப் பக்கம் கைக்கு வரும்வரை மற்ற எல்லாப் பலகையையும் அவர் அறுக்கட்டும், அந்த ஒரு கட்டத்தை மட்டும் விட்டுவைக்கச் சொல்லுங்கள்.